ஊதாப் புள்ளி வைத்த பூட்டு

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பெரிய இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கொட்டினாலும் போதாது, நாள் முழுக்க முணுமுணுக்கும், உள்ளே வந்த எதையும் பிசைந்து எடுக்காமல் விடாது. பகல் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசருக்கு வீட்டிலும் ஒரு மாமியார் உண்டு. "அவங்களாவது ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போவாங்க, இது எங்கயும் போகாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்த மாமியாரின் வயிறு ஓர் ஆள் குனிந்து இறங்கும் அளவுக்குப் பெரியது. உள்ளே ஓர் இரும்புக் கை சுற்றும். ஒட்டிய மாவைச் சுரண்டவும் பழுது பார்க்கவும் யாராவது உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே தள்ளி, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கும் வரை கைப்பிடி மேலே ஏறாது, மின்சாரம் வராது. போட்டவர்தான் எடுக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பூட்டு. அடையாளத்துக்கு ஒருவர் கயிறு கட்டியிருப்பார், ஒருவர் பெயிண்ட் அடித்திருப்பார். ரேடியோவின் பூட்டில் ஊதா நிற நகப்பூச்சால் வைத்த புள்ளிகள். அவனுடைய சின்ன மகள் தரையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வைத்துக் கொடுத்தவை.

ரேடியோ என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். காலையில் கேட்டுக்குள் கால் வைத்தவுடன் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அவன் பேச்சு ஓயாது. ஒரு ஸ்குரூ லூசாகிவிட்டது என்று சொல்ல வந்தால், அந்த ஸ்குரூவின் பூர்வீகம், அதே மாதிரி ஒரு ஸ்குரூ கழன்று அவன் மச்சான் வீட்டுக் கட்டில் சரிந்த கதை, அப்போது கட்டிலில் யார் படுத்திருந்தார் என்ற விவரம் எல்லாம் வந்த பிறகுதான் விஷயம் வரும். சூப்பர்வைசரோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள். "சுருக்கமா சொல்லுப்பா" என்பாள். அவனிடம் மட்டுமல்ல, யார் வந்து வாயைத் திறந்தாலும் அதே பாட்டுதான். சுருக்கமாகச் சொன்னால் அதிலும் பாதியில், "புரிஞ்சுது, புரிஞ்சுது, அடுத்து?" என்பாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் சுருக்கக்கா என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது, அவள் கோபப்படவில்லை. அதே தளத்தில் ரொட்டி அடுக்கிப் படிப்படியாக மேலே வந்தவள் அவள். தன்னை ஏற்றிவிட்டது தன் வேகம்தான் என்று நம்பினாள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

மீதிப் பாதி ஒரு மழை நாளில் தெரியவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரொட்டி தாமதம். மேனேஜர் மாடியிலிருந்து போன் மேல் போன் போடுகிறார். தொட்டிகளில் மாவு பொங்கி விளிம்பைத் தாண்டப் பார்க்கிறது. மாமியாரோ அசையாமல் நிற்கிறாள். கைப்பிடியில் ஊதாப் புள்ளிப் பூட்டு தொங்குகிறது, ரேடியோவைக் காணோம். ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஆள் வரவில்லை. "வீட்டுக்குப் போயிருப்பான். மகளுக்குக் காய்ச்சல்னு காலையில ஏதோ சொல்ல வந்தான்" என்று சூப்பர்வைசர் தானே முடிவு கட்டினாள். அவன் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தியவளும் அவள்தான், அதனால் மீதி என்னவென்று அவளுக்குத் தெரியாது.

டார்ச் அடித்து இயந்திரத்துக்குள் பார்த்தாள். ஈ காக்காய் இல்லை. கருவி அறைக்குப் போய், நீண்ட கைப்பிடி வைத்த கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஆளை ஒரு தடவை தேடிப் பார்த்துடலாமே" என்று ஓவன்காரர் ஆரம்பித்தார்.

"தேடிக்கிட்டே இருந்தா ரொட்டி வேகுமா?" என்றாள். ஒரே நறுக்கு, பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

அவள் கைப்பிடியில் கை வைக்கவும் ரேடியோ ஓடிவந்து நிற்கவும் சரியாக இருந்தது. கையில் ஒரு புது ரப்பர் வளையம், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவன் பார்வை அவள் முகத்துக்குப் போகவில்லை, தரைக்குப் போனது. குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினான். ஊரைக் கூட்டப் போகிறான் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பரவாயில்லக்கா" என்றான், அவ்வளவுதான். ஸ்டோரிலிருந்து ஒரு வெறும் பூட்டை வாங்கி வந்து மாட்டி, உள்ளே இறங்கி வளையத்தைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றோடு ரேடியோ நின்றுபோயிற்று. "சரிக்கா", "ஆச்சுக்கா", "இல்லக்கா", இவைதான் அவன் பேச்சு. சுருக்கமாகச் சொல் சொல் என்று நச்சரித்தவளுக்குக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மற்றவர்களும் மாறினார்கள். மாமியாரைச் சுரண்டும் முறை வந்தால் ஒருவருக்கு முதுகு வலித்தது, ஒருவருக்குத் தலை சுற்றியது. தப்பிக்க வழியில்லாதவர் ஒரு பூட்டுக்குப் பதில் இரண்டாக மாட்டி, வெளியே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரு நாள் ஓவனின் பின்பக்க விசிறி நின்றுபோய், ரொட்டியெல்லாம் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் வெளுத்து வந்து விழுந்தது.

"விசிறி நின்னத பார்த்தவங்க சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்க்கா" என்றார்கள். யாரும் மரியாதை குறைவாகப் பேசவில்லை. அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

ரேடியோ இரவு ஷிப்டுக்கு மாற்றம் கேட்டிருக்கிறான், வாரக் கடைசியில் மேனேஜர் முடிவு சொல்லிவிடுவார் என்று ஓவன்காரர் சொன்னபோது அவளுக்குப் பயம் பிடித்தது. நல்ல மெக்கானிக் போகிறானே என்பது மட்டுமல்ல. அவன் போய்விட்டால் பூட்டை வெட்டிய கதை அவனோடு போகாது, இங்கேயே குடியிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கும் முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அப்புறம் இந்தத் தளத்தில் ஒருவரும் அவளை நம்பி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஓயாத பேச்சு இல்லாமல் தளம் வெறிச்சென்று இருந்தது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர், எதற்கும் ஒரு தீர்வு கைவசம் வைத்திருப்பார். "பூட்டுதானே வெட்டின? நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துடு. என் பஸ்ஸுல யாரு முகத்தைத் தூக்கி வச்சிருந்தாலும் ஜன்னல் சீட்டு கெடச்சா சரியாயிடுவாங்க" என்றார்.

கடையிலேயே கனமான பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாள். "தேங்க்ஸ்க்கா" என்று வாங்கியவன், டப்பாவைக்கூடப் பிரிக்காமல் கருவிப் பெட்டியின் அடியில் போட்டான். மறுநாளும் ஸ்டோரின் வெறும் பூட்டுதான் கைப்பிடியில் தொங்கியது. ஜன்னல் சீட்டு வேலைக்கு ஆகவில்லை.

சரி, பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தாள். மறுநாள் சுரண்டும் முறையைத் தானே எடுத்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கத் தன் பூட்டை மாட்டினாள். சாவியை உருவி ரேடியோவிடம் நீட்டினாள். வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னாள். "இந்தா, நீயே வச்சுக்கோ. என் உயிரே உன் கையில. அவ்வளவு நம்பிக்கை எனக்கு."

ரேடியோவின் முகம் சிவந்தது. "என்னக்கா இது? சாவிய எதுக்கு என்கிட்ட நீட்டுறீங்க?"

"நம்பிக்கைக்குத்தான்பா…"

"நம்பிக்கையா? எனக்கு மயக்கம் வந்து விழுந்துட்டா? மறந்துபோய் வீட்டுக்குக் கெளம்பிட்டா? எவனாவது என் பையிலருந்து எடுத்துட்டா? ஆள நம்ப வேண்டாம்னுதான்க்கா பூட்டே வச்சிருக்காங்க! அன்னிக்கு நான் உங்கள நம்பி இருந்தேன்னா நெனச்சீங்க? உங்கள பத்தி யோசிக்கவே இல்ல. பூட்ட நம்புனேன். எவனுக்கு என்ன அவசரமோ, எவனுக்கு என்ன கோவமோ, பூட்டு தொங்குதுல்ல, அது போதும்னு இருந்தேன். அதத்தான் வெட்டிட்டீங்க. இப்ப சாவியக் குடுத்து என் தலையில இன்னொரு பாரத்தக் கட்டுறீங்க!"

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று சொல்ல அவள் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளை அறிந்தவர்களுக்கு அது லேசான காரியமல்ல என்று தெரியும். நீட்டிய சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு நீ எங்கப்பா இருந்த?"

ரேடியோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இத்தன நாள் கழிச்சு இப்பத்தான் கேக்குறீங்க" என்றான். அப்புறம் அணை உடைந்தது.

"ஸ்டோருக்குள்ள வளையம் தேடிக்கிட்டு இருந்தேன். நான் உள்ள இருக்கறது தெரியாம ஸ்டோர்காரர் வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. கதவ இடிக்கிறேன், தொண்ட கிழியக் கத்துறேன். வெளிய ரெண்டு பேரு நடந்து போறாங்க. ஒருத்தன் சொல்றான், 'ரேடியோ இன்னிக்கு சத்தம் ஜாஸ்தியா இருக்கு'ன்னு! சிரிச்சுக்கிட்டே போயிட்டானுங்க!"

பின்னால் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓவன்காரர் இருமி அதை மறைக்கப் பார்த்தார். ரேடியோவின் உதடும் ஓரத்தில் கொஞ்சம் கோணியது, ஆனால் கண் சிரிக்கவில்லை.

"ஒலிபெருக்கியில என்னைக் கூப்பிடுறது கேக்குது. பதில் சொல்ல வழியில்ல. போகட்டும், மாமியாருக்கு நம்ம பூட்டு போட்டிருக்கு, எவனும் தொட மாட்டான்னு நிம்மதியா ஒரு மூட்ட மேல உக்காந்தேன்க்கா. அந்த வளையம் இல்லாம ஓட்டியிருந்தீங்கன்னா கிரீஸ் பூரா மாவுல எறங்கியிருக்கும். அது ஆஸ்பத்திரிக்குப் போற ரொட்டி."

அன்று உள்ளே ஆள் இருக்கிறதா என்று மட்டும்தான் சூப்பர்வைசர் பார்த்திருந்தாள். பூட்டு எதற்காகத் தொங்குகிறது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓவன்காரரே சொல்லியிருப்பார், அவருக்கு வளையம் கழற்றிய விஷயம் தெரியும். அவர் வாயைத்தான் அவள் முதல் வார்த்தையிலேயே அடைத்துவிட்டாளே.

மறுநாள் காலை இயந்திரம் எதையும் போடுவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டாள். மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவில்லை. "பூட்ட நான் வெட்டினேன். ஓவன்காரரு தடுத்தாரு, நான் கேக்கல. அது என் தப்பு. இனி இப்படி நடக்காம இருக்க என்ன செய்யலாம்? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய சுருக்கக்காவாக இருந்தால் "சரி, யாருக்கும் ஒண்ணும் இல்ல, வேலையப் பாருங்க" என்று கலைத்திருப்பாள். இப்போது நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மாவு மூட்டை தூக்குவதைவிட அந்த மௌனத்தைத் தூக்கி நிற்பது கனமாக இருந்தது.

கடைசியில் பாக்கிங்கில் இருக்கும் பெண் ஒருத்தி, கட்டர் இருந்தால்தானே வெட்டுவார்கள், தூக்கி எறிந்துவிடலாம் என்றாள். சாவி தொலைந்தால் அது வேண்டுமே என்றார் ஓவன்காரர். பேச்சு வளர்ந்தது, குறுக்கே பேசினார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள், அவள் நடுவில் புகவில்லை. முடிவில் கட்டரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவது என்று ஆயிற்று. எல்லாச் சாவியும் வந்தால்தான் கட்டர் வெளியே வரும். அப்படி எல்லாரும் வந்துவிட்டால், காணாமல் போனவரும் அதில் இருப்பார், அப்புறம் கட்டர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதுதான் வேண்டும் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

மேனேஜர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "சாவிய எவனாவது நிஜமாவே தொலச்சுட்டா? அவசரத்துக்கு என்ன பண்றது?"

"தொலச்சவரும் நேர்ல வந்து நின்னு சொல்லுவாரு சார். அது வரைக்கும் மெஷின் நிக்கும்."

"ரொட்டி லேட்டானா?"

"உங்க முன்னாடி நான் வந்து நிக்கிறேன் சார். அவங்க யாரும் வர வேண்டாம்" என்றாள். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறினார். கீழே நின்றவர்கள் அதைக் கேட்டார்கள், கேட்காதது மாதிரி வேலையைப் பார்த்தார்கள்.

ரேடியோவும் பெட்டியில் ஒரு பூட்டு மாட்டினான், வெறும் பூட்டுதான். பேச்சும் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பியது. நம்பிக்கை என்ன சுவிட்சா, தட்டின உடனே எரிவதற்கு? அவளும் அவசரப்படுத்தவில்லை.

வாரக் கடைசி நாள் வந்தது. அன்று மேனேஜர் மாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுவார். காலையிலிருந்து அவளுக்கு வேலையில் மனசு ஒட்டவில்லை. மதியம் மாமியார் திடீரென்று இழுத்து இழுத்து முனகினாள். எட்டிப் பார்த்தாள். மூட்டைச் சாக்கின் நூல் ஒன்று இரும்புக் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இதோ, பிடுங்கி எறிந்துவிட்டு வந்துவிடலாம் என்று கைப்பிடியைக் கீழே தள்ளிவிட்டு உள்ளே குனிந்தாள். பழகின கால், பழைய பாதை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், அவளும் அப்புறம் தன்னைத்தானே அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

நூல் பாதி வந்திருக்கும், மீதியை எட்டக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். வெளியே ஷூ சத்தம். மேனேஜரின் குரல்.

"இது ஏன் சும்மா நிக்குது? ஒருத்தனையும் காணோம். இத யாரு ஆஃப் பண்ணா?"

அவள் கை சட்டைப் பைக்குப் போனது. பூட்டு அங்கே இருந்தது. சாவியும் அங்கேயே இருந்தது. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரும்புக் கை அவள் விலாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தன் மகனின் முகம் வந்தது, வீட்டு மாமியாரின் முகம்கூட வந்தது.

டக்.

கைப்பிடி ஏறவில்லை. மறுபடியும் டக் என்றது, அப்போதும் ஏறவில்லை.

"சார், சார்! பூட்டு தொங்குது பாருங்க. உள்ள ஆள் இருக்காங்க!" ஓடிவரும் ரேடியோவின் குரல்.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. முகமெல்லாம் மாவு. அவளைப் பார்த்த மேனேஜரின் முகமும் மாவு பூசாமலே வெளுத்தது. "நான்… பாக்கல… பாத்திருக்கணும்" என்று திக்கினார். ஒரு மூட்டையின் மேல் போய் உட்கார்ந்தார், அப்புறம் மெல்ல எழுந்து போனார்.

கைப்பிடியில் கனமான பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. அவள் வாங்கிக் கொடுத்த அதே பூட்டு. அதன் மேல் முழுக்க ஊதாப் புள்ளிகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறுசு, ஒன்று காய்வதற்குள் விரல் பட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"என்னக்கா நீங்க!" ரேடியோ ஆரம்பித்துவிட்டான். "பூட்ட பையில வச்சுக்கிட்டு எறங்கியிருக்கீங்க! பூட்டு உங்களக் காப்பாத்தணுமா, நீங்க பூட்டக் காப்பாத்தணுமா? அந்தப் பக்கம் போறேன், உங்க கால் ரெண்டும் வெளிய தெரியுது, கைப்பிடியில ஒண்ணும் இல்ல. எனக்கு உயிரே இல்லக்கா. அடுத்தவங்களுக்காக நம்ம பூட்டப் போடக் கூடாது, அது தப்புதான், எனக்கும் தெரியும். போட்டுட்டு உங்களக் கூப்பிடுறதுக்குள்ள ஓவன்காரரு கத்துனாருன்னு அந்தப் பக்கம் ஓடினேன், திரும்பி வந்தா சார் கைப்பிடியப் புடிச்சு இழுக்குறாரு! ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? நல்லாத் திட்டணும் போல இருக்கு."

"திட்டுப்பா" என்றாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது மாவில் கோடு போட்டது. "ரொம்ப நன்றிப்பா. என் உயிரக் குடுத்திருக்க. நான் வெட்டினதுக்கு நீ பூட்டித் தந்திருக்க. இத நான் எப்படி மறப்பேன்? நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் இதையும் நானே சொல்றேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவன் ஏதோ முணுமுணுத்தான். நன்றி என்று அவள் சொல்லி அவன் கேட்டதில்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நெளிந்தான்.

"நைட் ஷிப்டு?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"காலையிலயே வேண்டாம்னு சொல்லிட்டேன். அங்க எல்லாருக்கும் அரைத் தூக்கம். என் கதைய எவன் கேப்பான்?"

அவள் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். இழுத்துக்கொண்டு போன அந்தப் புள்ளியில் ஒரு சின்ன விரலின் ரேகை பதிந்திருந்தது. "பாப்பா இத எப்ப வச்சா?"

"அது பெரிய கதைக்கா. அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்ல வந்தேன்ல, அங்கருந்து ஆரம்பிக்கணும்." அவன் சட்டென்று நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "சுருக்கமா சொல்லணும்னா…"

"சுருக்கமா வேண்டாம்" என்றாள்.

ரேடியோ அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். அப்புறம் மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்து, காய்ச்சல் வந்த இரவுக்கு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் மச்சான் வீட்டில் நடந்த சண்டை என்று வெகு தூரத்திலிருந்து ஆரம்பித்தான். தொட்டிகளில் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் போன் அடித்தது. அவள் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் இன்னொரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.